பாலைவனப் பாறைகளும் பழைய எழுத்துகளும்: வாசகர் கேள்வி–பதில்

டெல்டாவில் சவூதியிலோ குவைத்திலோ பிள்ளை இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். முன்பெல்லாம் பெற்றோர் அங்கே போனால் மகன் வீடு, கடைத்தெரு என்று முடிந்துவிடும். இப்போது ஹாயில், தைமா, அல்உலா என்று வடமேற்குச் சவூதியின் பாறைச் செதுக்கல்களைக் காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதிக் கேட்கிறார்கள். இந்த மாதக் கேள்விகள் முழுக்க அதைப் பற்றியவை.

ரியாத்தில் இருக்கும் மகனிடம் போகிறோம். எனக்கு 64 வயது, மனைவிக்கு 59. ரியாத்திலிருந்து காரிலேயே எல்லாவற்றையும் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? சாதாரணக் கார் போதுமா? — மன்னார்குடி வாசகர்

ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் முடிக்கலாம் என்பவர்கள் ஓட்டும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள், பாறை முன்னால் நிற்கும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள் ரியாத்திலிருந்து ஹாயில், 650 கி.மீ. அளவு. இரண்டாம் நாள் ஹாயிலில் தங்கியபடியே ஜுப்பா போய்வாருங்கள். ஒரு வழிக்கு 100 கி.மீ.க்குள்தான். நஃபூத் மணல்வெளிக்கு நடுவே இருக்கும் ஊர் அது. அங்குள்ள உம் சின்மான் மலையின் செதுக்கல்கள் 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. மூன்றாம் நாள் ஹாயிலிலிருந்து அல்உலா, 450 கி.மீ. அளவு. நான்கும் ஐந்தும் அல்உலாவுக்கு. ஆறாம் நாள் தைமா போய்வாருங்கள். அல்உலாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் திரும்புவதற்கு.

அல்உலாவிலிருந்து ரியாத் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வயதில் அதை ஒரே மூச்சில் காரில் திரும்புவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். அல்உலாவில் விமான நிலையம் இருக்கிறது. வாடகை வண்டியை அங்கேயே விட அனுமதிக்கும் நிறுவனமாகப் பார்த்து எடுத்தால், பெற்றோர் விமானத்தில் ரியாத் திரும்பலாம். வாடகைச் சீட்டில் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும். தாண்டினால் கிலோமீட்டர் கணக்கில் பணம் ஏறும் என்பதால், வரம்பில்லாத திட்டம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

இந்தப் பாதை முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் கார் தாராளம். ஜுப்பாவோடு சேர்த்து அதே உலக மரபுச் சின்னத்தின் இன்னொரு பாதியான ஷுவைமிஸ் மட்டும் வேறு கதை. ஹாயிலுக்குத் தெற்கே 250 கி.மீ. அளவில் எரிமலைக் கல் பரந்த நிலத்தில் இருக்கிறது. கடைசிப் பகுதி மண்பாதை. உள்ளூர் வழிகாட்டியும் நாலு சக்கர இழுவை வண்டியும் இல்லாமல் அங்கே போக வேண்டாம்.

விவசாயக் குடும்பம். நாங்கள் எந்த மாதம் போனால் சரிவரும்? — திருத்துறைப்பூண்டி வாசகர்

சம்பா அறுவடை முடிந்து நெல்லை விற்றபின், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அங்கே நல்ல பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. உங்களுக்குக் கை ஓய்கிற நேரம் அதன் கடைசிப் பகுதியில் விழுகிறது. பகலில் இதமாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஜனவரியில் போவதென்றால் ஹாயில் பக்கம் விடியற்காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டிக்கூடக் குளிர் இறங்கும். நம் ஊர் மார்கழிக்குக் கட்டுகிற மப்ளர் அதற்குக் காணாது.

ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வரும் ஆண்டுகளில் பகல் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், பார்வை நேரங்களும் மாறும். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

விசிட் விசாவில் போகும்போது நம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாமா? — கூத்தாநல்லூர் வாசகர்

நம் லைசென்ஸ் மட்டும் போதாது. உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஓராண்டு செல்லும். அதோடு அசல் லைசென்ஸையும் கையில் வைத்திருக்க வேண்டும். இக்காமா எனும் குடியிருப்பு அனுமதியில் வேலை செய்பவருக்கு இது பொருந்தாது, அவர் சவூதி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

காகிதத்தைவிடக் கைப்பழக்கம்தான் சிக்கல். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம். இன்டிகேட்டர் போட நினைத்தால் கை தானாக வைப்பரைத் தட்டும், அதில் ஆபத்தில்லை. ஆபத்து, ஆளில்லாத சாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே திரும்பும் நொடியில் இருக்கிறது. எதிரே வண்டி எதுவும் இல்லாவிட்டால் மூளை பழைய பழக்கத்துக்குப் போய் இடப்பக்கம் ஏறிவிடும். பக்கத்தில் உட்காருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது” என்று சொல்லிக்கொண்டே வரட்டும். ரவுண்டானாவில் இடமிருந்து வலமாகச் சுற்றும் நம் பழக்கத்தை மறந்துவிடுங்கள். அங்கே கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று, ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கே முதல் வழி.

வேக வரம்பு நெடுஞ்சாலையில் 120, சில இடங்களில் 140. வேகத்தைப் பிடிக்கும் ஸாஹிர் கேமராக்கள் எங்கும் உண்டு. விபத்து நடந்தால், விபத்துகளைப் பதிவு செய்யும் நஜ்ம் நிறுவனத்தின் அறிக்கையோ போலீஸ் அறிக்கையோ இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது, “பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் கிளம்பிவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் 997. போலீஸுக்கும் நெடுஞ்சாலை ரோந்துக்கும் ரியாத், மதீனா மாகாணங்களில் 911; ஹாயில் பக்கம் ரோந்து 996, போலீஸ் 999.

வெயில் அதிகம் என்பதால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். சரியா? — பட்டுக்கோட்டை வாசகர்

தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு என்பதால் நீட்டியே சொல்கிறோம்.

டயர் வெடிக்கக் காரணம் காற்றின் வெப்பம் அல்ல, டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதால் அதற்குள்ளேயே பிறக்கும் வெப்பம். காற்று குறைந்தால் சுவர் அதிகமாக மடங்கும். 120 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் அது மடங்கி நிமிர்கிறது. ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பிவலையும் பிரிய ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் மேல்தோல் அப்படியே உரிந்து போகும். சவூதி நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் கறுப்பு ரப்பர்ப் பட்டைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவை.

காலையில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவுதான் சரி. நாலு பேரும் பெட்டிகளும் என்றால் அதே ஸ்டிக்கரில் முழுச்சுமைக்கென்று இருக்கும் அளவை வையுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். ஆகவே மதியம் பங்கில் அளந்தால் 5, 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அது இயல்பு, பயந்து இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள்.

வாடகை வண்டி எடுக்கும்போது டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயது தாண்டிய டயர், பட்டன் நன்றாக இருந்தாலும், பாலைவன நெடுஞ்சாலைக்கு வேண்டாம், வேறு வண்டி கேளுங்கள். அந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மூன்றையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். ஒரு நட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கிப் பார்ப்பது நல்லது. மெஷினில் முறுக்கிய நட்டு கையால் திறக்காத வண்டிகள் நிறைய.

பெட்ரோல் பாதித் தொட்டிக்கு வந்ததும் நிரப்புங்கள். ஹாயில்–அல்உலா பாதையில் அடுத்த பங்க் வெகுதூரத்தில் இருக்கும். பச்சைக் குழாய் 91, சிவப்பு 95. வாடகைச் சீட்டில் எது போடச் சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

இன்னொன்று, ஒட்டகம். இருட்டினபின் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். மாடு மோதினால் பானெட் நசுங்கும். ஒட்டகத்தின் உடம்போ பானெட்டுக்கு மேலே இருக்கிறது; பம்பர் காலை வெட்டிவிட, முழு உடம்பும் முன்கண்ணாடியில் விழும். வேலி போட்ட சாலையிலும் ஏமாந்துவிட வேண்டாம், வேலியில் இடைவெளி இருக்கும்.

மணலில் சக்கரம் புதைந்துவிட்டால்? — நாகப்பட்டினம் வாசகர்

நம் கடற்கரை மணலில் டிராக்டர் வைத்து இழுத்த அனுபவம் இங்கே உதவாது, ஏனென்றால் கூப்பிட டிராக்டர் இருக்காது. சாலை ஓர மணலில் போட்டோ எடுக்க இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தார் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளினாலே போதும்.

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கும். வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் வேலை நாலு மடங்கு. ஸ்டியரிங்கை நேராக்குங்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மணலைக் கையால் சரிவாக வாருங்கள். காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், மணல் மாவாக இருந்தால் 15. பன்னிரண்டுக்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். இப்போது வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வாருங்கள். அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். கால்மிதி மேட்டுகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கலாம், ஆனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மேட் தெறித்து வரும்.

வெளியே வந்ததும் சிகரெட் சாக்கெட்டில் போடும் சின்னக் கம்ப்ரஸரால் மறுபடி காற்று ஏற்றுங்கள். ஏற்றும்வரை 40-ஐத் தாண்டாதீர்கள். கம்ப்ரஸர் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

வெள்ளையாக உப்புப் பூத்துத் தட்டையாகத் தெரியும் நிலத்தை ‘சப்கா’ என்பார்கள். வேதாரண்யம் உப்பளம் தெரிந்தவருக்கு விளக்க வேண்டாம்: மேலே ஓடு, கீழே சேறு. அதில் வண்டியை இறக்கவே வேண்டாம். மழை மேகம் தெரிந்தால் வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகையில் நிறுத்தாதீர்கள். மழை ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும்.

ஜுப்பாவில் மகள் எடுத்து அனுப்பிய படங்களில் பாறைதான் தெரிகிறது, செதுக்கல் தெரியவே இல்லை. “காலையில் போனால் நன்றாகத் தெரியும்” என்று படித்துவிட்டுக் காலையில்தான் போனாளாம். என்ன தவறு? — கும்பகோணம் வாசகி

“காலையில் போங்கள்” என்பது பாதி உண்மை. எந்தப் பக்கம் பார்த்த பாறை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் செதுக்கல் என்ன என்று பாருங்கள். பாலைவனத்தில் வெயிலும் காற்றும் படும் மணற்பாறையின் மேல், களிமண்ணும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு கருந்தோல் படிகிறது. தடிமன் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மாங்கனீசு கூடினால் கறுப்பு, இரும்பு கூடினால் செம்பழுப்பு. பழங்கால மனிதர் கெட்டியான கல்லால் கொத்தி அந்தத் தோலை எடுத்தார்கள். அடியில் இருந்த வெளிர் மணற்கல் கோடாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அது கோடே அல்ல. அரிசி அளவுக் குழிகள் நெருக்கமாக விழுந்திருக்கும்; ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு தவறிப்போன கொத்தல் தனியாக நிற்கும். மாட்டின் கொம்புக்குக் குழிகள் ஒரே சீராக ஓடும், வயிற்றுப் பக்கம் அவசரமாக இறைந்து கிடக்கும்.

இது கண்ணுக்குத் தெரிய இரண்டு வழி: நிற வேறுபாடு, நிழல். தோல் இன்னும் கறுப்பாகவும் கோடு வெளிறியும் இருந்தால் எந்த வெளிச்சத்திலும் தெரியும். மிகப் பழைய செதுக்கலில் கோட்டின் மேலும் மறுபடி தோல் படிந்து நிறம் ஒன்றாகிவிட்டிருக்கும். அப்போது நிழல் ஒன்றுதான் கதி. வெளிச்சம் பாறைப் பரப்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

கிழக்கு நோக்கிய பாறைக்கு விடியலில் வெயில் நேர் எதிரே அடிக்கும், குழி எதிலும் நிழல் விழாது. மகள் எடுத்த படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பாறைக்குச் சரியான நேரம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை, வெயில் பக்கவாட்டுக்கும் மேலுக்கும் போகும்போது. மேற்கு நோக்கியதற்கு உச்சி தாண்டிய முதல் ஒன்றரை மணி நேரம். தெற்கு நோக்கிய பாறைக்குத்தான் காலையின் முதல் மணியும் மாலையின் கடைசி மணியும் நல்லது. வடக்கு நோக்கியதற்குக் குளிர்காலத்தில் நேர் வெயிலே விழாது. அங்கே நிறத்தை நம்பித்தான் பார்க்க வேண்டும். போனில் காம்பஸ் இருக்கிறது. முதல் சுற்றில் பாறைகள் எந்தத் திசை என்று குறித்துக்கொண்டு, அந்த வரிசையில் இரண்டாவது சுற்று நடந்தால் ஒரே நாளில் எல்லாம் கிடைக்கும். கடிகாரம் பார்த்து ஊரைவிட்டு ஊர் ஓடுபவருக்கு இது கிடைக்காது. ஏழு நாள் கேட்டது இதற்காகத்தான்.

நேரம் தவறிப் போய் நின்றால் ஒரு வழி உண்டு. காரின் முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளிநிற வெயில் மறைப்பை ஒருவர் பக்கவாட்டில் பிடித்து வெயிலைப் பாறைமேல் சாய்த்து அடிக்கட்டும், இன்னொருவர் குடையால் நேர் வெயிலை மறைக்கட்டும். கல்வெட்டு படிப்பவர்கள் கோயில் சுவரில் கண்ணாடி வைத்துச் செய்வதும் இதே வேலை. போனில் பிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

செய்யக் கூடாதவை: சாக்பீஸால் கோட்டை நிரப்புவது, தண்ணீர் தெளிப்பது, தாள் வைத்துத் தேய்ப்பது, விரலால் தடவுவது. தண்ணீர் உப்பைக் கரைத்து உள்ளே கொண்டுபோகும். காயும்போது அந்த உப்பு படிகமாகி மணற்கல்லின் மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். சாக்பீஸ் துகள் பின்னால் ஆராய வருபவரின் அளவீடுகளைக் கெடுக்கும். உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறோம்: குழந்தைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். டிரோன் எடுத்துப் போகாதீர்கள், அனுமதியில்லாமல் போனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

தேதி எழுதாத படத்துக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? — தஞ்சாவூர், கல்லூரி மாணவி

பெரும்பாலும் எது முந்தியது, எது பிந்தியது என்றுதான் முதலில் கணிக்கிறார்கள். ஒரு கோடு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால் வெட்டியது பிந்தியது. ஒரே பாறையில், ஒரே பக்கத்தில், அதிகம் கறுத்த செதுக்கல் முந்தியது. இதை வேறு வேறு பாறைகளுக்கிடையே ஒப்பிடக் கூடாது. வெயிலும் ஈரமும் மாறினால் தோல் படியும் வேகமும் மாறும்.

பிறகு விலங்குகள். ஜுப்பாவில் இன்று மணல் இருக்கும் பள்ளத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. நீண்ட கொம்புள்ள மாடுகள் அந்த ஈரக் காலத்துக்கு உரியவை. சுமார் 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலம் முடிந்தபின் அங்கே மாட்டு மந்தை பிழைக்க முடியாது. குதிரையும், மனிதன் ஏறிய ஒட்டகமும் வெகு பிந்தியவை. வில்லேந்திய வேட்டைக்காரரோடு வரும் நாய்களில் சில, கயிற்றால் மனிதனின் இடுப்போடு கட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். நாயைக் கட்டி வேட்டைக்குக் கொண்டுபோனதற்கு உலகிலேயே மிகப் பழைய சித்திரங்களில் இவை அடங்கும்.

கணிப்பு மாறியும் இருக்கிறது. அல்ஜவ்ஃப் பகுதியில் ஆளுயரத்துக்கு மேல் செதுக்கிய ஒட்டகங்களைச் சுமார் 2,000 ஆண்டு பழையவை என்று நினைத்திருந்தார்கள். செதுக்கிய கருவித் தடயங்கள், பாறைத் தேய்மானம் ஆகியவற்றை ஆராய்ந்து 2021-ல் அவை 7,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று முடிவு சொன்னார்கள்.

எழுத்து வந்தபின் வேலை சுலபம். அல்உலாவின் ஜபல் இக்மா பள்ளத்தாக்கில், அங்கிருந்த பழைய ததான் நகரத்தின் ததானிய எழுத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2023-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கோயில் சுவரில் நிவந்தம் படித்தவருக்கு அங்கே ஓர் உறவு தோன்றும்: தெய்வத்துக்கு இன்னது கொடுத்தேன், எனக்கும் என் வழியினருக்கும் அருள் கிட்டட்டும் என்ற வகைக் கல்வெட்டுகள் நிறைய.

பாறைகள் ஏன் யானை, காளான் என்று இப்படி உருவெடுக்கின்றன? — பாபநாசம் வாசகர்

அல்உலாப் பாறை சுமார் 50 கோடி ஆண்டு பழைய மணற்கல். காவிரி மணல் அடுக்கடுக்காக அமுங்கி இறுகிக் கல்லானால் எப்படியோ அப்படி. எல்லா அடுக்கும் ஒரே உறுதியில் இல்லை. செங்குத்தான விரிசல்கள் வழியே நீர் இறங்கும், பாறை துண்டு துண்டாகத் தனித்து நிற்கும். நிலத்தை ஒட்டி ஈரமும் உப்பும் அதிகம். உப்புப் படிகமாகும்போது மணல் துகள்களைப் பிரித்துத் தள்ளும். காற்றில் பறக்கும் மணலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் அதிகம் அடிக்கும். ஆகவே அடி தேய்ந்து தலை பெருக்கும். 52 மீட்டர் உயர யானைப் பாறையில் தும்பிக்கைக்கும் உடம்புக்கும் நடுவே பலவீனமான பகுதி உதிர்ந்து வளைவாகிவிட்டது. மாலையில் போங்கள், உங்கள் வண்டியிலேயே போகலாம்.

தைமா அருகே உள்ள அல்நஸ்லா, கத்தியால் அறுத்ததுபோல் நடுவே பிளந்து நிற்கிறது. லேசர் கதைகளை நம்பாதீர்கள். இயற்கை விரிசல் ஒன்று காற்றிலும் மணலிலும் தேய்ந்து மழுங்கியது என்பதே பொருத்தமான விளக்கம். பிளவை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதன் முகத்தில் இருக்கும் குதிரைச் செதுக்கலைத் தேடிப் பாருங்கள்.

ஹிஜ்ர் பகுதிக்குப் போவது சரியா என்று வீட்டில் தயங்குகிறார்கள். போகாமல் அல்உலா பார்க்க முடியுமா? — அதிராம்பட்டினம் வாசகர்

முடியும். ஹிஜ்ர், அல்உலாவுக்கு அருகே பாறையில் வெட்டிய பழங்காலக் கல்லறைகள் உள்ள பகுதி; குர்ஆன் கூறும் நபி ஸாலிஹ் அவர்களின் தமூது சமூகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். அங்கே அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாம் என்ற ஹதீஸை மனத்தில் வைத்துப் பலரும் தவிர்க்கிறார்கள். அது உங்கள் வீட்டு முடிவு. ஹிஜ்ருக்குத் தனி நுழைவுச்சீட்டு, தனிப் பேருந்து. அதை எடுக்காமலேயே ஜபல் இக்மா, ததான், பழைய அல்உலா ஊர், யானைப் பாறை எல்லாம் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி: ஹிஜ்ருக்கு அருகே பாறையில் கிடைத்த சுஹைர் கல்வெட்டு ஹிஜ்ரி 24-ஆம் ஆண்டு என்று தேதி போட்டு, கலீஃபா உமர் அவர்கள் இறந்ததைக் குறிக்கிறது. எழுத்துகளுக்குப் புள்ளியிட்ட ஆரம்பகால அரபு எழுத்தை அதில் காணலாம்.

போகிறவர்களுக்கு: 111 பெருங்கல்லறைகள், அவற்றில் 94 அலங்கார முகப்பு கொண்டவை, பெட்ரா நகரை ஆண்ட நபத்தேயர் கி.மு. முதல் நூற்றாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரை வெட்டியவை. தனியே நிற்கும் கஸ்ர் அல்ஃபரீத் முடிவு பெறாதது. மேல்பகுதி மெருகேறியும் கீழ்ப்பகுதி உளித்தழும்போடும் இருப்பதிலிருந்து மேலிருந்து கீழாக வெட்டினார்கள் என்று தெரிகிறது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களின் அடிப்பகுதியைக் கவனித்தவருக்கு உடனே புரியும். சீட்டை முன்பதிவு செய்யுங்கள். சொந்த வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

முஸ்லிம் அல்லாத வாசகர்கள் மதீனா வழியாக வந்தால், ஹரம் எனும் புனிதப் பகுதியின் எல்லைப் பலகை வரும் இடத்தில் சுற்றுச்சாலைக்குத் திரும்பிவிட வேண்டும். ஹாயில் வழியாக வந்தால் இந்தக் கேள்வியே எழாது.

மகனுக்கு மசாலாப் பொடி, மருந்தெல்லாம் கொண்டுபோகலாமா? — சீர்காழி வாசகி

கசகசா ஒரு மணிகூட வேண்டாம் அம்மா. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் வேண்டாம். வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, சிறையில் போடும் குற்றம். இருமல் சிரப்பில் கோடீன், வலி மாத்திரையில் டிரமடால், தூக்க மாத்திரை ஆகியவையும் அப்படியே. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகட்டும்; ஹாயிலைத் தாண்டினால் வழியில் குப்பூஸ் ரொட்டியும் கப்சா இறைச்சிச் சோறும்தான் கிடைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க ஐந்து லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வண்டிக்கென்று பத்து லிட்டர். டிக்கியில் மட்டும் வைக்காமல் இரண்டு பாட்டிலை இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

அந்தப் பாறைகளில் தமிழ் எழுத்து ஏதாவது உண்டா? — பூம்புகார் வாசகர்

இந்தப் பாதையில் உள்ள பாறைகளில் தமிழ் தேடாதீர்கள். ஹிஜ்ரும் ததானும் தெற்கு அரேபியாவிலிருந்து சாம்பிராணி வடக்கே போன தரைவழியில் இருந்தவை. தமிழ் வணிகர் தடம் கடல்வழித் துறைமுகங்களில்தான் இருக்கிறது. ஓமனில் சலாலா அருகே கோர் ரோரியில் ‘ணந்தை கீரன்’ என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானையோடு கிடைத்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்காதிமிலும் தமிழ் பிராமிப் பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. மகன் ஓமனில் இருப்பவர்கள் சலாலாப் பயணத்தில் கோர் ரோரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் இங்கேயே பார்த்துப் பழக இடம் உண்டா? — திருவாரூர் வாசகர்

டெல்டாவுக்குள் கிடையாது, நம் காலுக்கடியில் வண்டல்தான். புதுக்கோட்டை போங்கள். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து வடமேற்கே 16 கி.மீ. அளவில் சித்தன்னவாசல். குகைக்கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் குன்றின் மேலேறி ஏழடிப்பட்டம் போங்கள். சமணர் கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. கம்பிப் பிடியோடு குறுகலான ஏற்றம், ரப்பர் அடிச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கெட்டிக் கருங்கல், அங்கே மணற்கல். ஆனால் கண்ணுக்கு வேண்டிய பயிற்சி ஒன்றுதான். வெயில் மறைப்பையும் குடையையும் கொண்டுபோய், படுக்கையின் ஓர எழுத்தின் மேல் வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து ஒரு தடவை, வலப்பக்கமிருந்து ஒரு தடவை சாய்த்துப் படமெடுங்கள். இரண்டு படத்திலும் தெரிவதுதான் எழுத்து. ஒன்றில் மட்டும் தெரிவது பாறையின் கீறலாக இருக்கக்கூடும்.